குறும்புப் பயலும் பொங்கிய மாவும்: 3 நிமிடக் கார்ட்டூன் அத்தியாயம் எடுக்க முழுமையான வழிகாட்டி

சமையலறையில் ஒரு குழந்தை குளறுபடி செய்யும் கதை, கார்ட்டூன் பழகுபவர்களுக்கு நல்ல முதல் வேலை. இடம் ஒன்றுதான், ஆட்கள் இரண்டு பேர் போதும், சிரிப்பு பொருட்களிலிருந்தே வரும். ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே கதாநாயகனை வரைந்து வண்ணம் தீட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். கதை மாறும்போது அந்த ஓவியம் பயன்படாமல் போகிறது. இந்த வேலையில் திறமையைவிட வரிசைதான் முக்கியம்.

உதாரணத்துக்கு ஒரே கதையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம். கவின், 6 வயது. அவனுடைய ஆச்சி. திருநெல்வேலிப் பக்கத்து வீடு. இரவில் இட்லி மாவு பொங்கி வழிகிறது.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஒரு கணினி, பேனா வைத்து வரையும் டேப்லெட், ஒரு மைக், ஹெட்போன். மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கையால் படம் படமாக வரைய ஓப்பன்டூன்ஸ், பின்னணி ஓவியத்துக்குக் கிரிட்டா, ஒலிக்கு ஆடாசிட்டி, படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கோப்பதற்கு (எடிட்டிங்) டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. பிளெண்டர் ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற வரைகருவியிலேயே முழு வேலையையும் முடித்துவிடலாம்.

ஒரு கோடு வரையும் முன்பே மூன்று எண்களை முடிவு செய்யுங்கள்: திரை அளவு 1920 × 1080 பிக்சல், வேகம் நொடிக்கு 24 ஃபிரேம் (ஃபிரேம் என்பது ஒரு நிலைப்படம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். எல்லா மென்பொருளிலும் இவை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 24, இன்னொன்றில் 30 என்று இருந்தால் வாயசைவு வசனத்தோடு ஒட்டாது. அதை வேலை முடிந்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள்.

கோப்புப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைப்பது நல்லது. சில மென்பொருள்கள் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளைத் திறக்க மறுக்கும்.

2. எந்தக் குளறுபடி என்று தேர்ந்தெடுங்கள்

சமையல் குளறுபடி என்றதும் மனதில் வருபவை தீ, குக்கர் வெடிப்பு, மூடியில்லாத மிக்ஸி. மூன்றையும் ஒதுக்குங்கள். பார்க்கும் குழந்தை அதே வயது, அதே சமையலறை. திரையில் பார்த்ததை மறுநாள் காலையில் செய்து பார்க்கும். கதையின் முடிவில் கவின் திட்டு வாங்குகிறான் என்பது பார்க்கும் பிள்ளையைத் தடுக்காது. அதன் நினைவில் நிற்பது செயல்தான்.

ஒரு எளிய சோதனை: கவின் செய்ததை அப்படியே 4 வயதுக் குழந்தை செய்தால் என்ன ஆகும்? தரை அழுக்காகும் என்றால் சரி. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றால் வேறு குளறுபடி தேடுங்கள்.

மாவு பொங்குவது இந்தச் சோதனையில் தேறுகிறது. தீயும் இல்லை, கத்தியும் இல்லை. மாவுச் சட்டியையும் மேடையில் வைக்காமல் தரையில் ஒரு மூலையில் வையுங்கள். சமையல் மேடை கிட்டத்தட்ட 85 செ.மீ. உயரம் இருக்கும். 6 வயதுப் பையன் அதை எட்ட ஸ்டூல் மேல் ஏற வேண்டும், பக்கத்திலேயே அடுப்பும் இருக்கும். சட்டியைத் தரையில் வைத்தால் அந்தச் சிக்கல் மொத்தமும் போய்விடுகிறது. குழந்தையின் கண் மட்டத்தில் கேமராவை வைக்கவும் வசதி.

3. குழந்தையின் தப்புக் கணக்கை ஒரே வரியில் எழுதுங்கள்

கதையின் அச்சு இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

‘கவின் தெரியாமல் தட்டிவிட்டான், மாவு கொட்டியது’ என்று எழுதினால் அது தற்செயல். ஒரு தடவை சிரிப்பு வரும், அதற்கு மேல் கதை நகராது. ‘வேண்டுமென்றே கொட்டினான்’ என்றால் அவன் மேல் எரிச்சல்தான் வரும். குறும்புக்காரப் பிள்ளை பார்ப்பவர்களுக்குப் பிடித்துப்போவது அவனிடம் ஒரு கணக்கு இருப்பதால். அந்தக் கணக்கு தப்பு, ஆனால் கேட்டால் நியாயமாகவே தோன்றும்.

நம் கதையில் ஆச்சி சொல்வது: மாவை இரண்டு சட்டியிலும் பாதிப் பாதியாக ஊற்று. கவினின் கணக்கு: இரண்டு சட்டி என்றால் நாளைக்கு இரண்டையும் கழுவ வேண்டும், ஒன்றிலேயே ஊற்றினால் ஒன்றைக் கழுவினால் போதும். ஊற்றுகிறான். விளிம்புவரை சரியாக நிற்கிறது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி அறிவியல் தன் வேலையைச் செய்யும். மாவு புளிக்கும்போது நுண்ணுயிர்கள் வாயுவை உண்டாக்குகின்றன, உளுந்தின் பசை அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, மாவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பாதிச் சட்டி என்ற கணக்கு அதனால் வந்தது. இதை வசனத்தில் விளக்க வேண்டாம். ஆனால் எழுதுபவருக்குக் காரணம் தெரிந்திருந்தால்தான் எத்தனை மணிக்கு எவ்வளவு வழியும் என்று காட்ட முடியும். நம் ஊர் வெக்கையில் 8 முதல் 10 மணி நேரம். ஆகவே சுவர்க் கடிகாரத்தில் ஊற்றும்போது இரவு 8, முதல் கசிவு 2 மணி, உச்சம் விடியற்காலை 5. படம் பார்க்கும் அம்மாக்கள் இதைக் கவனிப்பார்கள்.

4. நிகழ்ச்சி வரிசையை நொடிக்கணக்கில் பிரியுங்கள்

மொத்தம் 180 நொடி.

0–20: ஆச்சி சொல்கிறாள், ‘பாதி’ என்ற சொல் தெளிவாகக் காதில் விழுகிறது. இரண்டு சட்டிகளும் திரையில் சேர்ந்தே தெரிகின்றன.

20–50: கவினின் கணக்கு. ஒரே சட்டியில் ஊற்றுகிறான். இரண்டாவது சட்டியைப் பெருமையாகத் தள்ளிவைக்கிறான்.

50–80: தண்ணீர் குடிக்க எழுந்து வருகிறான். மூடி ஆடுகிறது. மேலே தன் பள்ளிக்கூடப் பையை வைத்து அமுக்குகிறான்.

80–115: பக்கவாட்டில் வழிகிறது. தம்ளர் தம்ளராகப் பிடிக்கிறான். தம்ளரையும் விளிம்புவரை நிரப்புகிறான்.

115–135: தம்ளர்களும் பொங்கத் தொடங்குகின்றன. கவின் மூடி மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறான்.

135–165: ஆச்சி விளக்கைப் போடுகிறாள். நீண்ட மௌனம். கரண்டியை எடுத்து ஒரு கலக்குக் கலக்குகிறாள். மாவு அடங்கிவிடுகிறது.

165–180: முடிவு.

80 முதல் 135 வரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாக வேறு குளறுபடி எதுவும் வரவில்லை. செய்த அதே தப்பு பெருகுகிறது. பழகுபவர்கள் இந்த இடத்தில் பூனை ஓடுவது, அலமாரி சரிவது, பக்கத்து வீட்டுக்காரர் வருவது என்று சேர்ப்பார்கள். ஒவ்வொன்றும் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்றால் குழந்தைக்குக் கதை புரியாது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ‘அதனால’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அப்புறம்’ என்றுதான் சொல்ல வருகிறது என்றால் வெட்டுங்கள்.

ஆச்சி கலக்கும் இடம் கற்பனை இல்லை. பொங்கிய மாவைக் கலக்கினால் உள்ளே சிக்கியிருக்கும் வாயு வெளியேறி மாவு இறங்கும். பையன் இரவெல்லாம் போராடியது ஒரு கரண்டியில் முடிகிறது, சிரிப்பு அங்கே இருக்கிறது. அடித்துக் கலக்கிய மாவில் இட்லி பூவாக வராது, தோசைக்குத்தான் ஆகும். முடிவும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

5. வசனம்: எழுதுவதைவிடக் குறையுங்கள்

மூன்று நிமிடத்தில் பேச்சு 60 நொடிக்கு மேல் போக வேண்டாம். இரவுக் காட்சி முழுக்க வசனமே தேவையில்லை. ‘ஐயோ, மாவு வழியுதே’ என்று கவின் சொன்னால், கண்ணால் பார்த்ததையே காதாலும் கேட்கிறோம்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று வெளியில் கிடைக்கும் கணக்கு ஆங்கிலத்துக்கானது. ‘ஊத்திட்டிருந்தேன்’ நமக்கு ஒரே சொல். சொல்லை எண்ணாமல் சத்தமாகப் பேசி, நிறுத்துக் கடிகாரத்தில் பாருங்கள்.

பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துத் தமிழில் கொடுத்துவிட்டு, குரல் கொடுப்பவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டால் ஒருவர் சென்னை, இன்னொருவர் மதுரை என்று போய்விடும். ஊரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பேரன் ஆச்சியை ‘நீ’ என்பானா, ‘நீங்க’ என்பானா என்பதையும்தான்.

ஆச்சி: “ரெண்டு சட்டியிலயும் பாதிப் பாதி ஊத்துல. நெறைய ஊத்திராத.”

கவின் (தனக்குள்): “ரெண்டுன்னா ரெண்டையும்ல கழுவணும்...”

கடைசி வசனம்: “இனி இட்லி வராது, தோசைதான். சட்டி ஒண்ணுதான்ல. தம்ளர எண்ணிப் பாத்தியா?”

கழுவும் வேலைக்குப் பயந்து தொடங்கியவன் முன்னால் இருபது தம்ளர். அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை. இதற்குப் பிறகு ‘பெரியவங்க சொன்னா கேக்கணும்’ என்று ஒரு வரி சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள்.

6. ஸ்டோரிபோர்டு

முழுக் கதையையும் கட்டம் கட்டமாக வரைந்து பார்ப்பதுதான் ஸ்டோரிபோர்டு. அஞ்சலட்டை அளவுக் கட்டங்கள், குச்சி மனிதர்கள். ஒரு கட்டத்துக்கு 2 நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். அழகாக வரைந்த கட்டத்தைத் தூக்கிப்போட யாருக்கும் மனம் வராது, ஸ்டோரிபோர்டோ தூக்கிப்போடுவதற்காகவே இருப்பது.

இந்த அத்தியாயத்துக்கு 30 முதல் 36 ஷாட் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு) போதும். பின்னணி மூன்றே: சமையலறை முழுதாக, சட்டி இருக்கும் மூலை அருகில், கதவுப் பக்கம். பகல், இரவு, விடியல் எல்லாம் அதே பின்னணி மேல் நிற அடுக்கை மாற்றிக் காட்டலாம்.

அதிகம் நடக்கும் பிழை திசை மாறுவது. முதல் ஷாட்டில் கவின் இடப்பக்கம், சட்டி வலப்பக்கம் என்றால் அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டி இடம் மாறிவிட்டதாகக் குழந்தை நினைக்கும்.

7. அனிமேட்டிக்: இதைத் தாண்டாமல் வண்ணம் தொடாதீர்கள்

உங்கள் குரலிலேயே எல்லா வசனத்தையும் கைபேசியில் பேசிப் பதியுங்கள். ஸ்டோரிபோர்டுக் கட்டங்களை அந்த ஒலியோடு காலவரிசையில் அடுக்குங்கள். இதுவே அனிமேட்டிக். அசைவே இல்லாமல் முழுப் படமும் ஓடும்.

இதை 5 முதல் 8 வயதுக் குழந்தைகள் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். கண் வேறு பக்கம் திரும்பும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் “நல்லா இருந்துச்சா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “மாவு ஏன் வழிஞ்சுது?” என்று கேளுங்கள். ‘ஒரே சட்டில ஊத்திட்டான்’ என்று பதில் வந்தால் கதை நிற்கிறது. ‘தெரியல’ என்றால் 20–50 நொடிப் பகுதியைத் திருத்துங்கள். பெரும்பாலும் இரண்டாவது சட்டி போதுமான அளவு கண்ணில் படவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் திருத்த ஒரு மணி நேரம் ஆகும். அசைவு முடிந்த பிறகு அதே திருத்தம் ஒரு வாரத்தைத் தின்னும்.

8. ஆட்களும் நிறமும்

கவின் இரண்டரைத் தலை உயரம், ஆச்சி நான்கு தலை உயரம். தலை பெரிதாக இருந்தால் முகபாவம் கைபேசித் திரையிலும் தெரியும். ஒவ்வொருவருக்கும் முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று நான்கு நிலை வரைந்து ஒரே தாளில் வையுங்கள். இருவரையும் சட்டியோடு பக்கத்தில் நிறுத்தி உயர ஒப்பீட்டுத் தாள் ஒன்றும் தேவை. இது இல்லாவிட்டால் சட்டி ஷாட்டுக்கு ஷாட் வளர்ந்து சுருங்கும்.

இந்தக் கதையில் நிறத்துக்கு ஒரு கண்ணி இருக்கிறது. மாவு வெள்ளை, பாத்திரம் எவர்சில்வர், சுவரும் பெரும்பாலும் வெள்ளை. எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். கதையின் மிக முக்கியமான பொருள் மாவுதான், அது எந்த ஷாட்டிலும் தனித்துத் தெரிய வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரை, பச்சை அல்லது நீலச் சுண்ணாம்புச் சுவர் இங்கே கைகொடுக்கும். மாவுக்குத் தூய வெள்ளை வேண்டாம், லேசான பழுப்பு கலந்த வெள்ளை. அதன் நிழலுக்கு நீலம் கலந்த சாம்பல். கவினின் சட்டையில் வெள்ளை வரக் கூடாது.

இரவுக் காட்சியை நீல அடுக்கால் மூடும்போது கை கூசாமல் வெளிச்சத்தை விட்டுவையுங்கள். கைபேசியின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மூடி ஆடுவது தெரியவில்லை என்றால் இருட்டு அதிகம்.

9. நிஜக் குரல்

அனிமேட்டிக் உறுதியான பிறகு, அசைவு தொடங்கும் முன். வாயசைவு குரலுக்கு ஏற்ப வரையப்படுவதால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

மெத்தை, துணி நிறைந்த அறையில் பதியுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். பதிவு மென்பொருளின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள், கத்தும் வசனத்தில்தான் ஒலி உடையும். ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று விதமாகப் பேசவையுங்கள். மூச்சுவாங்கல், முனகல், ‘ம்க்கும்’, விக்கல் எல்லாவற்றையும் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், இரவுக் காட்சி முழுக்க அவைதான் பேசப்போகின்றன.

குழந்தை குரல் கொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை. வணிகத் தயாரிப்பு என்றால் இந்தியச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும்.

10. அசைவு

180 நொடி × 24 என்றால் 4,320 ஃபிரேம். ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 2,160 ஓவியம். பயப்பட வேண்டாம். உடல் அசையாமல் கண்ணோ வாயோ மட்டும் மாறும் ஷாட்கள் பாதி இருக்கும். உடல், தலை, கண், வாய் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வரைந்தால் புது ஓவியங்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கும்.

வாயசைவு: எட்டு வடிவம் போதும். மூடிய வாய் (ம, ப), அகலத் திறந்தது (ஆ), இழுத்தது (ஈ, எ), உருண்டது (ஓ), குவிந்தது (உ), பல் உதட்டைத் தொடுவது (வ), நாக்கு மேலே தெரிவது (ல, ள, ந), ஓய்வு. ம, ப வரும்போது வாய் குறைந்தது 2 ஃபிரேம் மூடியிருக்க வேண்டும். ‘அம்மா’ சொல்லும்போது வாய் மூடாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வாயை ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்னதாக வையுங்கள், பின்னதாக வைத்தால் டப்பிங் படம் போலத் தெரியும். குரலைக் கேட்டு வாய் வடிவங்களைத் தானே குறித்துத் தரும் ரூபார்ப் லிப் சிங்க் போன்ற கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதில் ஒலிப்பு முறையை (phonetic) தேர்ந்தெடுங்கள். இயல்பாக இருப்பது ஆங்கிலத்துக்கானது.

மாவு: இதுவும் ஒரு நடிகர். தண்ணீர் போல வரைந்தால் கெட்டது. மாவு முதலில் விளிம்புக்கு மேல் குமிழாக எழும்பும், தயங்கும், பிறகு ஒரு இடத்தில் மட்டும் உடைந்து மெல்ல இறங்கும். நுனி தடிமனாக இருக்கும், பின்னால் வால் மெலியும். சொட்டு நீளும்போது மெதுவாக 16 முதல் 20 ஃபிரேம், அறுந்து விழும்போது 3 ஃபிரேம். இந்த வேக வித்தியாசம்தான் பிசுபிசுப்பைக் காட்டுகிறது. மேற்பரப்புக் குமிழிக்கு 8 ஓவியச் சுழற்சி ஒன்று வரைந்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் மூன்று இடங்களில் வெவ்வேறு ஃபிரேமில் தொடங்குங்கள். எல்லாம் சேர்ந்து வெடித்தால் இயந்திரம் போல இருக்கும்.

ஆச்சியின் மௌனம்: விளக்கு எரிந்ததும் உடனே பேசவிடாதீர்கள். 30 ஃபிரேமாவது அசையாமல் நிற்கட்டும். நடுவில் ஒரே ஒரு கண்சிமிட்டல், 5 ஃபிரேம். புதியவர்கள் இந்த இடத்தில் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று பயந்து குறைத்துவிடுவார்கள். சிரிப்பு அந்தக் காத்திருப்பில்தான் கூடுகிறது.

விளக்கு மினுக்குவது, மின்னல் அடிப்பது வேண்டுமென்றால் நொடிக்கு மூன்று மினுக்கலுக்கு மேல் வைக்காதீர்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

11. ஒலி

குமிழிச் சத்தத்துக்குக் கெட்டியான கஞ்சியில் உறிஞ்சுகுழாய் வைத்து ஊதுங்கள். மோரில் ஊதினால் சத்தம் மெலிதாகிவிடும். மாவு தரையில் விழ, ஈரத்துணியைச் சிமெண்டுத் தரையில் போடுங்கள். மூடி ஆடுவதற்கு நிஜ எவர்சில்வர் தட்டு.

இரவில் பின்னணி இசையை நிறுத்திவிட்டு மின்விசிறி, சுவர்க்கோழி, கடிகாரம் மட்டும் விடுங்கள். அப்போதுதான் முதல் ‘டக்’ காதில் விழும்.

12. கோப்பதும் வெளியிடுவதும்

தலைப்பு எழுத்துகளில் கவனம். சில எடிட்டிங் மென்பொருள்களில் ‘கொ’, ‘பொ’ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறிவிடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, எழுத்தைக் கோட்டுருவமாக (path) மாற்றி, பின்னணியில்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்தால் எங்கும் உடையாது.

மொத்த ஒலி அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அருகில் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றும்போது ‘குழந்தைகளுக்கானது’ என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்தால் கருத்துப் பகுதி மூடிவிடும், தனிநபர் சார்ந்த விளம்பரம் வராது, கடைசியில் வேறு காணொளிகளைக் காட்டும் இறுதித் திரையும் வேலை செய்யாது. அந்த இறுதித் திரைக்காகப் பலர் கடைசியில் 20 நொடி காலி இடம் விடுகிறார்கள், பார்ப்பவருக்கு அது வெறும் திரை. தம்ளர் வரிசையில் படத்தை நிறுத்தி, பெயர்களை 5 நொடி ஓட்டினால் போதும்.

முகப்புப் படத்துக்குக் கவின் மூடி மேல் உட்கார்ந்திருக்கும் ஷாட்டை எடுங்கள். ஆச்சி கரண்டியோடு நிற்பதை வைத்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.